அச்சில் நடந்ததா, அப்புறம் நடந்ததா

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்தார். உள்ளே ஓர் ஐம்பது காசு.

"மேல கை வைக்காத. ஓரத்தப் புடிச்சுத் தூக்கு," என்றார். அதற்கு முந்தின மாதம்வரை சில்லறையை மைலோ டின்னில் கொட்டி வைத்துக்கொண்டிருந்த மனிதர்.

பழைய ஐம்பது காசு அது. ஒரு பக்கம் வாவ் பட்டம், மறுபக்கம் செம்பருத்தி. 1989-இல் வந்த வெள்ளை நிறப் பெரிய காசு. 2012 ஜனவரியில் மஞ்சள் நிறச் சின்ன ஐம்பது காசு புழக்கத்துக்கு வந்த பிறகு, கைக்கு வருவது குறைந்துபோன காசு. ஆனால் டிஷ்யூவில் இருந்தது பெரிதாக இல்லை. சாதாரணப் பழைய ஐம்பது காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றுச் சின்னது. விளிம்பு மட்டும் தடித்து, தகர வாளியின் வாய் மாதிரி உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. நடுவில் இருந்த பட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சாலா சேத்தாக்," என்றார் அப்பா. தப்பாக அச்சடித்தது. "பேஸ்புக்ல இந்த மாதிரி ஒன்னுக்கு அஞ்சாயிரம் வெள்ளி போட்டிருக்கான். நீதான் கம்ப்யூட்டர் பார்ப்பியே, இது என்னா வெலைக்குப் போகும்னு பாத்துச் சொல்லு."

என் வலது பக்கம் நின்றுதான் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோரும் என் வலது பக்கம் வந்துதான் பேசுவார்கள். இடது காது எனக்குச் சரியாகக் கேட்காது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. தோட்டத்தில் லோரி ஓட்டினார். தோட்டத்தை வீடு கட்ட விற்ற பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்தார். இப்போது எங்கள் தாமானிலேயே ஒரு டோபிக் கடையில் காலையும் மாலையும் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறார். நாமே காசு போட்டுத் துணி துவைத்துக்கொள்ளும் இருபத்துநாலு மணி நேர டோபி. காய வைக்கும் மெஷினில் சேரும் பஞ்சை எடுப்பது, சோப்புத் தூள் சிந்தினால் துடைப்பது, மெஷின் காசை முழுங்கிவிட்டால் முதலாளிக்குப் போன் போடுவது, இவ்வளவுதான் வேலை. அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பேஸ்புக் வீடியோக்கள். 'உங்க வீட்டுல இந்தக் காசு இருந்தா நீங்க பணக்காரர்' என்று ஒருவன் கத்திக்கொண்டே இருப்பான்.

அந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஆனால் என் மேசைமேல் காசை வைத்தவர் அப்பா. மற்றவர்கள் குடும்பத்தோடு லங்காவி போனதைப் பற்றிப் பேசும்போது பேசாமல் எழுந்து போகிற அப்பா. அதனால் சிரிக்கவில்லை. "பாத்துச் சொல்றேன்ப்பா," என்றேன்.

நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். காசு எண்ணத் தெரியுமே தவிர காசைப் பார்க்கத் தெரியாது. அடுத்த மூன்று வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, அஞ்சாயிரம் வெள்ளியை விட்டுவிட்டு விஷயமே என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அதில் என்ன பிழை என்று சொல்ல முடியாது. முதலில் உலோகத்தை நீளத் தகடாக உருட்டுகிறார்கள். அந்தத் தகட்டிலிருந்து, அதிரச மாவில் வட்டம் வெட்டுவதுபோல், வெறும் வில்லைகளை வெட்டுகிறார்கள். வில்லையைச் சூடாக்கி இளக்கி, ஓரத்தை அழுத்தி உருட்டிக் கொஞ்சம் உயர்த்துகிறார்கள். அப்புறம்தான் அச்சு. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வில்லையைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். டன் கணக்கான பாரத்தில் ஒரே அடி. உலோகம் பிதுங்கி அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி, வளையத்தில் முட்டி நிற்கிறது. நம் காசுகளை அடிக்கும் பேங்க் நெகாராவின் நாணயச் சாலை ஷா ஆலாமில் இருக்கிறது. உலகத்தில் எங்கே அடித்தாலும் வேலை இதேதான், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில்.

ஆக, பிழை வருவதற்கு மூன்றே இடம். வில்லையில் வரலாம்: தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் மறுபடி வெட்டு விழுந்தால் பிறை மாதிரி ஓரம் குறைந்த வில்லை கிடைக்கும். அச்சில் வரலாம்: அச்சு விரிசல் விட்டிருந்தால், உலோகம் அந்த விரிசலுக்குள்ளும் ஏறும். காசில் மெல்லிய கோடு ஒன்று மேடாக நிற்கும். அடியில் வரலாம்: வில்லை நகர்ந்து உட்கார்ந்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிப்போகும். அடித்த காசு வெளியே விழுந்த நொடியில் அதன் பிறப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அதற்கு என்ன நடந்தாலும், எவ்வளவு விசித்திரமாக நடந்தாலும், அது பிழை இல்லை. சேதம். நம் ஊர் பாஷையில் ரோசாக்.

இந்த எல்லைதான் விலையைத் தீர்மானிக்கிறது. பிறப்பதற்குள் கெட்டுப்போன காசுக்கு விலை உண்டு. பிறந்த பிறகு கெட்டுப்போன காசு அதன் முகத்தில் எழுதியிருக்கும் தொகைதான். சில கடையில் அதுவும் இல்லை.

பிரிட்டனில் 2008-இல் இருபது பென்ஸ் காசின் படத்தை மாற்றினார்கள். அதுவரை ஒரு பக்கம் இருந்த வருஷம் மறுபக்கம் போக வேண்டும். யாரோ பழைய அச்சு ஒன்றையும் புது அச்சு ஒன்றையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் வருஷமே இல்லாத காசுகள் மக்கள் கைக்குப் போய்விட்டன. அது பிழை. அதே காசில் வருஷத்தை ஒருவன் அரத்தால் தேய்த்து எடுத்தால் அது சேதம். பார்வைக்கு இரண்டிலும் வருஷம் இல்லை. ஆனால் தேய்த்த இடத்தில் உலோகம் குறைந்திருக்கும், கீறல் இருக்கும். பிழைக் காசில் அந்த இடம் வழவழப்பாக, எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். ஏனென்றால் அங்கே எதுவுமே நடக்கவில்லை.

சில காசு பிழை மாதிரித் தெரியும், பிழையும் இருக்காது, சேதமும் இருக்காது. யுத்த காலத்தில், 1943 முதல் 1947 வரை, இந்தியாவில் நடுவில் ஓட்டையோடு காலணா அடித்தார்கள். உலோகத்தை மிச்சம் பிடிக்க. அப்பாயி கொண்டுவந்த அப்படி ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. மலாயாவில் ஒரு காலத்தில் ஒரு சென் சதுரமாகவே இருந்தது. அமெரிக்கக் காசைச் செங்குத்தாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும். அது அவர்கள் முறை. நம் காசில் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். நம் காசு ஒன்று தலைகீழாக நின்றால்தான் அச்சு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அப்பாவின் மைலோ டின்னைக் கொட்டினோம். வீடியோ பார்த்த நாளிலிருந்து சந்தேகப்பட்ட காசையெல்லாம் அதில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு காசு ஒன்று இருந்தது. ஒரு சென் செம்பு நிறமாகத்தானே இருக்கும், இது வெள்ளையாக இருக்கிறது, அப்படியானால் பூச்சு போட மறந்துவிட்டார்கள் என்பது அப்பாவின் கட்சி. காந்தத்தைக் காட்டினேன், டக்கென்று ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பூச்சில்லாமல் அச்சுக்குப் போயிருந்தால் இரும்பின் முகம் பளபளப்பாக, எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்திருக்கும். இதன் முகம் அம்மை போட்ட மாதிரி குழிகுழியாக இருந்தது. பேட்டரித் தண்ணீரோ, கக்கூஸ் கழுவும் திரவமோ தின்றிருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் 'ரோசாக்' என்று எழுதி அதன்மேல் வைத்தேன்.

தட்டையாகி நீண்டுபோன ஓர் இருபது காசு. அதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. ரவாங்கில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்.

"இது நான் வச்சதுதான்," என்றார் அப்பா, கொஞ்சம் வெட்கத்தோடு. "சும்மா ஞாபகத்துக்குப் போட்டேன்."

எழுத்து இரட்டையாகத் தெரிந்த பத்து காசு. அச்சையே தயாரிக்கும்போது இரண்டு தடவை பதிந்திருந்தால், இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, முனைகள் பிளந்து நிற்குமாம். அடிக்கும்போது அச்சு லேசாக ஆடினால், எழுத்தின் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி தட்டையாக நசுங்கியிருக்கும். இது படிக்கட்டு. நாணயச் சாலையில் நடந்ததுதான், ஆனால் யாரும் காசு கொடுக்காத சாதாரண ஆட்டம்.

ஓரம் பிறையாகக் குறைந்த ஓர் ஐந்து காசு. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. வில்லையாக இருக்கும்போதே ஓரம் குறைந்திருந்தால், விளிம்பை உருட்டும்போது அந்த இடத்தில் அழுத்தம் கிடைக்காது. அங்கே அழுத்தம் இல்லாததால் நேர் எதிர்ப்பக்கமும் விளிம்பு சரியாக எழும்பாது. அதனால் குறையைப் பார்க்காதே, குறைக்கு எதிர்ப்பக்கத்தைப் பார் என்கிறார்கள். பார்த்தோம். எதிர்ப்பக்கம் விளிம்பு கும்மென்று இருந்தது. யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. ஓர் இருபது காசு. வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டியது. கீறலாக இருந்தால் பள்ளமாக இருக்கும், இரண்டு பக்கமும் உலோகம் பிதுங்கி நிற்கும். இது மேடு, பக்கத்தில் பிதுக்கம் இல்லை. அச்சில் விரிசல். நிஜமான பிழை. அப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்ளோ?"

"இந்த மாதிரி சின்ன விரிசல் நெறைய வரும்ப்பா. ஒன்னு ரெண்டு வெள்ளி யாராச்சும் குடுத்தா பெருசு."

"அப்ப அந்த ஐம்பது காசு?"

அதற்குத்தான் நான் பதில் சொல்லாமல் இருந்தேன். கடையிலிருந்து வெர்னியர் கொண்டுவந்து அளந்தாயிற்று. சரியான ஐம்பது காசின் குறுக்களவு ஏறக்குறைய 27.8 மில்லிமீட்டர். அப்பாவுடையது 26-ஐத் தொடவில்லை. கேக் செய்யும் தோழியின் சின்னத் தராசில் நிறுத்தேன். சரியானது 9.3 கிராம், அப்பாவுடையது 9.2. சுருங்கியிருக்கிறது, ஆனால் இளைக்கவில்லை. சின்ன வில்லையில் அடித்திருந்தால் எடை குறைந்திருக்க வேண்டும். ஓரத்து எழுத்துகள் வெளியே விழுந்து பாதியில் நின்றிருக்க வேண்டும். இதில் எழுத்துகள் முழுசாக இருந்தன. அவற்றின் தலை மட்டும் சுருண்ட விளிம்புக்குக் கீழே போயிருந்தது. அப்படியென்றால் அந்த விளிம்பு அப்புறம் சுருண்டது. உலோகம் எங்கேயும் போகவில்லை, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. ஒரே அடியில் இது நடக்காது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அடிகள், எல்லாம் ஓரத்திலேயே.

எனக்கு விடை தெரியும். ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று தெரியவில்லை. அதனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "ப்பா, இது எங்க கெடச்சது?"

"மாமாக் கடையில. ரொட்டி சானாய் வாங்குனேன், பாக்கி குடுத்தான்."

என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் விட்டுவிட்டேன்.

என் பேச்சு அவருக்குப் போதவில்லை. "நீயும் படிச்சுதானே சொல்ற, அனுபவம் உள்ளவன்கிட்ட கேப்போம்," என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவாங்கிலிருந்து கொம்யூட்டர் பிடித்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டியில் தாமான் ஜெயா. அம்கார்ப் மாலின் ஞாயிறு சந்தையில் பழைய காசு, தபால் தலை, கடிகாரம், இசைத்தட்டு எல்லாம் பரப்பியிருப்பார்கள். அப்பா தீபாவளிக்கு வாங்கின புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். ரயிலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காசு விற்கும் ஒரு வயதான சீனர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். அஞ்சு விநாடிகூட ஆகவில்லை.

"ஆனே, இனி புக்கான் சாலா சேத்தாக். இனி ரோசாக்." அண்ணே, இது தப்பாக அடித்தது இல்லை, கெட்டுப்போனது. அப்புறம் சிரித்துக்கொண்டே கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "டோபி. மெசின் பெங்கெரிங்." துணி காய வைக்கும் மெஷின்.

சட்டைப் பையில் மறந்துபோன காசு, மெஷினின் உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளுமாம். உருளை சுற்றச் சுற்ற, காசும் ஓரத்தில் நின்று தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு உருளுமாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில். முகத்தில் அடி விழாது, ஓரத்தில் மட்டும் விழும். இங்கே வாரத்துக்கு ஒருவர் கொண்டுவருகிறார் என்றார். அப்பா "தெரிமா காசே" என்று சொல்லிவிட்டுக் காசை டிஷ்யூவில் சுற்றினார். வந்தபோது சுற்றியதைவிடப் பொறுமையாகச் சுற்றினார்.

திரும்பி வரும்போது சுங்கை பூலோ தாண்டும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார். "நாலாம் நம்பர் மெஷின். ஆறு மாசமா டக்கு டக்குனு ஒரு சத்தம். மெக்கானிக் வந்து கழட்டுனப்ப விழுந்துச்சு. நாந்தான் பொறுக்குனேன்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"மொதலாளி கடையில விழுந்த காசு, மொதலாளிக்குத்தானே சேரும்? அஞ்சாயிரம்னு சொன்னானா... அதான் மாமாக் கடைன்னு சொல்லிட்டேன்."

சத்தத்தை அவர் ஆறு மாதம் கேட்டிருக்கிறார். விடை அவரிடமே இருந்தது. அதைச் சொன்னால் காசு தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும். அதனால் சொல்லவில்லை. மறுநாள் காசை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். முதலாளி சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எந்த மெஷினும் அதை ஏற்றுக்கொள்ளாது.

இனி காது.

ஜனவரியில் எனக்கு இடது காதில் இரைச்சல் அதிகமாகி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அட்டை நிரப்பும்போது டாக்டர் கேட்டார், "செஜாக் லாஹிர்?" பிறவியிலிருந்தேவா?

முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் யோசித்ததே இல்லை. ஆமாம் என்றுதான் எல்லா பாரத்திலும் எழுதியிருக்கிறேன். அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். "பொறக்கும்போதே அதுக்கு எடது காது மந்தம்." பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம், பெண் பார்க்க வந்தவர்களிடம், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட.

டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் காதுக்கு முன்னால் பிடித்தார். தூரத்தில் எங்கோ கேட்டது. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். தலைக்குள் மணியடித்த மாதிரி கேட்டது. பிறகு உள்ளே விளக்கடித்து, திரையில் எனக்கே காட்டினார். செவிப்பறையில் ஒரு பழைய ஓட்டை. சுற்றிலும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் தழும்பு.

"உங்கள் நரம்பு நன்றாக இருக்கிறது. சத்தம் உள்ளே போகிற வழிதான் ரோசாக். சின்ன வயதில் திரும்பத் திரும்பச் சீழ் வைத்திருக்கிறது. இது பிறவி இல்லை," என்றார்.

மேடா பள்ளமா என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதானே நானும் சொன்னேன். அவரும் அப்படித்தான் சொன்னார். வெளியே வந்து மருந்து வாங்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காசு உலகத்தில் எல்லோரும் 'பிறவி' என்று சொல்ல ஆசைப்படுவது புரிகிறது. அதற்கு விலை இருக்கிறது. மனுஷ உலகத்தில் ஏன் அப்படிச் சொல்கிறோம்? அங்கேயும் ஒரு லாபம் இருக்கிறது. பிறவி என்றால் யாரும் பொறுப்பில்லை. கடவுள்மேல் போட்டுவிடலாம், ஜாதகத்தின்மேல் போட்டுவிடலாம். அப்புறம் நடந்தது என்றால், ஒரு தேதி இருக்கும், ஓர் இடம் இருக்கும், அங்கே யாரோ இருந்திருப்பார்கள். அம்மா தன் அலட்சியத்தை மறைக்கத்தான் இத்தனை வருஷம் பிறவி என்று சொன்னாரா? அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் கேட்கத் தைரியம் இல்லாமல் அப்பாவிடம்தான் போனேன். டோபிக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்மா," என்றார்.

எனக்கு அப்போது நாலு வயது. தோட்டத்து லயத்தில் இருந்தோம். மழைக்காலம். காய்ச்சல், காதில் சீழ். டிரெஸ்ஸர் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பஸ் மாற வேண்டும். பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அந்த மாதம் ஏற்கெனவே கடன்.

"ஒங்கம்மா மொத நாளே ஒன்னையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா. வாசல்லயே நிறுத்துனேன். சம்பளம் போடட்டும், அப்புறம் போலாம்னேன். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தச் சொன்னதும் நாந்தான். மூணு வாரம் ஆயிடுச்சு."

ஒரு மெஷின் முடிந்து பீப் பீப் என்று கத்தியது. எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"அப்புறம் எங்கம்மா கேட்டாங்க, ஒங்க மாமா கேட்டாரு, புள்ளைக்கு என்னா ஆச்சுன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஒங்கம்மா சொல்லிட்டா, பொறவியிலயே அப்படித்தான்னு. அன்னைலேர்ந்து அதான்."

ரவாங்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்கேயிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள், இந்த நாட்டின் மின்சார வரலாறே அங்கேதான் தொடங்குகிறது என்று. அதற்கு நூறு வருஷம் கழித்து, அதே வட்டாரத்தில் ஒரு பிள்ளையின் காதைக் காட்ட இரண்டு பஸ்ஸும் ஒரு நாள் சம்பளமும் இடித்திருக்கின்றன. அப்பாவை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில், அந்த மாதச் சம்பளத்தில் எந்த வரியை அடித்துவிட்டு பஸ் செலவை எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எழுத முடியவில்லை. அதற்காக மூன்று வாரம் மூன்று நாளாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் என்ன வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டபோது, "பழைய பிரச்சினைதாம்மா, சின்ன ஆபரேஷன் பண்ணா ஓட்டைய அடைக்கலாமாம்," என்றேன். 'ஓட்டை' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையிலிருந்த கரண்டி ஒரு விநாடி நின்றது. பிறகு கிளற ஆரம்பித்துவிட்டார்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கிள்ளானிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்திருந்தது. அவர்கள் மருமகள் என் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. அம்மா வழக்கம்போல், "அதுக்கு அந்தப் பக்கம் கேக்காதும்மா, பொறக்கும்போதே..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல," என்றார் அப்பா. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "பொறவி இல்ல. அப்புறம் வந்தது. நாந்தான் ஆஸ்பத்திரிக்கு லேட்டாக் கொண்டுபோனேன்."

யாரும் பேசவில்லை. மருமகள் தண்ணீர் குடித்தாள். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமா, முப்பது வருஷம் தூக்கிவைத்திருந்ததை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்ததா, முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு எழுந்து, "பாயாசம் ஆறுது," என்று உள்ளே போனார். வந்தபோது அப்பாவுக்குத்தான் முதலில் ஊற்றினார்.

அந்த ஐம்பது காசு இப்போது டிவி மேசைமேல் இருக்கிறது. அப்பா அதைத் தூக்கிப் போடவும் இல்லை, டின்னில் போடவும் இல்லை. விரிசல் விட்ட இருபது காசை எங்கே வைத்தார் என்றே அவருக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் ஐம்பது காசை எடுத்துப் பார்த்து, "தாத்தா, இது சாலா சேத்தாக்கா?" என்று கேட்பார்கள். நாலாம் நம்பர் மெஷினில் ஆரம்பித்து அப்பா அவர்களுக்கு முழுக்கதையையும் சொல்வார். டக்கு டக்கு என்று வாயாலேயே சத்தமும் போட்டுக் காட்டுவார். அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டதாக அப்பா இப்போதே சொல்கிறார்.